நரம்பைத் திட்டாதீர்கள், முடிச்சைப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது ஆள். முட்டுக்காட்டில் கொடுவா மீன் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். ரீலோடு என் தூண்டில் கடைக்கு வந்து, "30 பவுண்டுன்னு சொல்லி டூப்ளிகேட் நரம்பைக் குடுத்துட்டீங்களே அண்ணே" என்று சண்டை. நுனியைக் காட்டச் சொன்னேன். பன்றி வால் போலச் சுருண்டிருந்தது. நரம்பு அறுந்தால் அப்படிச் சுருளாது தம்பி, முடிச்சு உருவிக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கொடுவா இப்போது வாயில் தூண்டில் முள்ளோடும் ஒரு முழ நரம்போடும் திரிகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

டப்பாவில் போட்டிருக்கும் 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரை கிலோ தாங்கும் என்பது, முடிச்சே விழாத நரம்புக்கான கணக்கு. நுனியை மடித்து ஒரு சாதா முடிச்சு போட்டாலே பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதற்குப் பயந்து அதன் மேலேயே நாலு முடிச்சு போடுகிறார்கள். மீனின் இழுவை முழுக்க விழுவது முதல் முடிச்சில்தான். மேலே எத்தனை போட்டாலும் அதன் பலம் கூடாது. உருவாமல் வேண்டுமானால் நிற்கும், அறுவதைத் தடுக்காது. 50 பவுண்டு நரம்பு வாங்கினால் சரியாகிவிடும் என்பதும் தப்பு. தடித்த நரம்பில் முடிச்சை இறுக்குவதே கஷ்டம், இன்னும் சுலபமாக உருவும்.

சர்ஜன் கண்ணி என்ற வளைய முடிச்சு போடுங்கள். ஒரு சாண் நுனியை மடித்து, அந்த இரட்டை நரம்பால் தளர்வாக ஒரு முடிச்சு. இறுக்குவதற்கு முன் மடித்த தலையை அதே வளையத்துக்குள் இன்னொரு முறை விடுங்கள். அவ்வளவுதான். பல இழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நரம்பு வழுக்கும், அதற்கு மூன்று முறை.

அப்புறம் நனையுங்கள். கழிமுகத் தண்ணீர் பட்ட நரம்பை வாயில் வைக்காதீர்கள், பாட்டில் தண்ணீர் போதும். ஒரு கையில் கண்ணி, மறு கையில் ரீலுக்குப் போகும் தாய் நரம்பும் மிச்ச வாலும் சேர்த்து, மெதுவாக இழுங்கள். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் கெட்டுவிடும். முடிச்சருகே வெளுத்துத் தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள், சோம்பல் வேண்டாம். கண்ணியைக் கட்டிங் பிளேயர் கைப்பிடியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். விரலில் சுற்றி இழுக்கவே இழுக்காதீர்கள், சதையை அறுத்துவிடும்.

வெட்டிய துண்டுகளைக் கரையில் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கொக்கின் காலில் சுற்றினால் அதற்கு அவிழ்க்கத் தெரியாது. சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், கடை வாசலில் டப்பா வைத்திருக்கிறேன்.