மேடையில் சிரிக்காத ஒருவர்

திருகோணமலையில் கோயில் திருவிழா இரவொன்றில், நாடகம் முடிந்தபின் மேடைக்குப் பின்னாலிருந்த கொட்டிலுக்குள் போயிருந்தேன். அதுவரை சனத்தைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்த பபூன், தேங்காய் எண்ணெய் தோய்த்த துணியால் முகப்பூச்சைத் துடைத்தபடி எவரோடும் பேசாமல் இருந்தார். பகிடிக்காரருக்கு உள்ளுக்குள் துயரம் என்ற பேச்சு இத்தகைய காட்சிகளிலிருந்தே பிறக்கிறது. ஆனால் விடயம் அவ்வளவு எளிதன்று.

பிரித்தானிய உளவியலாளர் ரொபின் டன்பாரின் குழுவினர் 2011இல் வெளியிட்ட பரிசோதனைகளில், நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு வலியைத் தாங்கும் ஆற்றல் கூடியிருந்தது. சிரிக்கும்போது மூளையில் சுரக்கும், வலியைத் தணிக்கும் என்டோர்பின் என்ற பொருளே காரணம் என அவர்கள் கருதினர். அப்படியானால் மருந்து சிரிப்பவருக்குத்தான். பகிடி விடுபவர் தானே சிரித்தால் பகிடி கெட்டுவிடும் என்பதால், அவர் சிரிப்பை அடக்கி, சபையின் முகத்தைப் பார்த்து அடுத்த வரிக்கான நேரத்தைக் கணித்துக்கொண்டிருக்கிறார். அவரை இயக்குவது, பதற்றத்தின்போது உடலை உசுப்பும் அட்ரினலின் என்ற சுரப்பு. மேடையிறங்கி அது வடிந்ததும் களைப்பும் வெறுமையும் மிஞ்சுகின்றன. இது நோயன்று, உறங்கி எழுந்தால் போய்விடும். எதிலும் விருப்பமின்றி, உறக்கமும் பசியும் குலைந்து, குறைந்தது இரண்டு வாரங்கள் நீடித்தால்தான் மருத்துவர்கள் மனச்சோர்வு என்கிறார்கள்.

பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் 523 நகைச்சுவைக் கலைஞர்களிடம் ஆளுமை வினாக்கொத்தை நிரப்பச் செய்து 2014இல் வெளியான ஆய்வொன்று, மனக்கிளர்ச்சியால் துள்ளும் இயல்பும், மனிதரோடு பழகுவதில் இன்பம் காணாமல் ஒதுங்கும் இயல்பும் அவர்களிடம் ஒருசேர மிகுந்திருப்பதைக் கண்டது. ஒப்பிடப்பட்ட சாதாரண நடிகர்களிடம் அந்த ஒதுங்கும் இயல்பு மிகுந்திருக்கவில்லை. இவை குணங்களே, நோய்கள் அல்ல.

எல்லாப் பகிடியும் ஒன்றல்ல என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. துன்பத்தை வேடிக்கையாகப் பார்த்துத் தன்னைத் தேற்றிக்கொள்வது ஒருவகை. பிறர் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று தன்னையே மட்டந்தட்டுவது இன்னொரு வகை. மனச்சோர்வோடு சேர்ந்து காணப்படுவது பிந்தியதே. ஆனால் அந்தப் பகிடி முதலில் வந்ததா, மனச்சோர்வு முதலில் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். பிரபலமானவர்களை வைத்துத் தீர்ப்பெழுதுவதும் தவறு: 2014இல் மறைந்த அமெரிக்க நகைச்சுவை நடிகர் ரொபின் வில்லியம்ஸுக்கு மனச்சோர்வு இருந்தது உண்மைதான், ஆயினும் அவரது மூளையைச் சிதைத்துக்கொண்டிருந்தது லூவி வகை மறதிநோய் என்பது உடற்கூற்றுப் பரிசோதனையின் பின்னரே தெரியவந்தது.

அன்றிரவு அந்தப் பபூன் பிளேன்ரீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "கொஞ்ச நாளா மனம் சரியில்லையடா தம்பி" என்றார். "அண்ணை இன்னும் பகிடி விடுறார்" என்றான் ஒருவன். கொட்டிலில் எல்லோரும் சிரித்தோம்.