மழை விட்ட பிறகு சரிவைப் பாருங்கள்

தரைவீடுகளில் சரிவு மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர்களைச் சோதிக்கப் போகும்போது அடிக்கடி கண்ணில் படுவது ஒன்று: சுவரில் வரிசையாக விட்டிருக்கும் நீர்த்துளைகளைச் சிமெண்ட் பூசி அடைத்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால், செங்கறை வழிகிறது, கொசு முட்டையிடும், அபராதம் வரும் என்பார்கள். டெங்கிப் பயம் நியாயமானதுதான். ஆனால் துளையை அடைத்தால் சுவருக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி உருவாகிவிடும். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் நீர் முழுக்க நிரம்பினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது ஏறத்தாழ 4.5 டன் விசையோடு தள்ளும். மண்ணின் தள்ளுதல் தனிக்கணக்கு. கொசுவுக்கு வலை போடலாம், கறையைக் கழுவலாம். துளை திறந்தே இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் குடிக்கவோ குளிக்கவோ அநேகமாக யாரும் கிணற்றை நம்பி இல்லை. அதனாலேயே காலுக்குக் கீழே நீர் இருப்பது நமக்கு மறந்துபோகிறது. மழைநீர் மண்ணை வழுக்கலாக்குவதால்தான் சரிவு விழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உரசுவதால்தான் சரிவு நிற்கிறது. இடுக்குகளில் உள்ள நீரின் அழுத்தம் ஏறும்போது, துகள்கள் தங்களுக்குள் அழுந்துவது அதே அளவு குறைகிறது. மண் இயக்கவியலின் முன்னோடியான கார்ல் டெர்சாகி 1920களில் வகுத்த இந்தக் கணக்கில்தான் எங்கள் மண்பொறியியல் தொழில் இன்றும் ஓடுகிறது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. புக்கிட் தீமா கருங்கல்லும் ஜூரோங் பகுதிப் படிவுப் பாறையும் சிதைந்து உண்டான மண்ணில், நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் கொஞ்ச ஈரம் துகள்களை இழுத்துப் பிடித்து வைக்கிறது. செங்குத்தான சரிவுகள் பல ஆண்டு நிற்பதற்கு அந்தப் பிடிப்பும் ஒரு காரணம். தொடர்மழை அதைக் கரைத்துவிடும். சரிவு விழுந்த அன்று பெய்த மழையை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முந்தைய நாள்களின் மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வுகள் நன்றாகவே காட்டிய விஷயம். டிசம்பர், ஜனவரியில் வெயில் அடித்ததும் ஆபத்து போய்விட்டதாக நினைக்காதீர்கள். மேலே விழுந்த நீர் உள்ளே இறங்கி நீர்மட்டத்தை உயர்த்த நேரம் பிடிக்கும்.

கடலோரத்தில் அலைதான் எதிரி என்று தோன்றும். எனக்கோ கடல் இறங்கும் நேரம்தான் கவலை. பெரிய வற்றுப்பெருக்கு நாள்களில் இங்கே கடல்மட்டம் சுமார் 3 மீட்டர் ஏறி இறங்கும். கடல் ஏறியிருக்கும்போது அதன் எடை கரையை வெளியிலிருந்து தாங்குகிறது. இறங்கும்போது அந்தத் தாங்கல் சட்டென்று போய்விடுகிறது, மண்ணுக்குள் புகுந்த நீரோ மெதுவாகத்தான் வடிகிறது. மழையும் சேர்ந்தால் உள்ளே மட்டம் இன்னும் உயரம். ஆகவே கடற்சுவரைப் பார்க்க நல்ல நேரம், மழைக்குப் பிந்தைய வற்றுநேரம். கசிவு தெளிவாக வந்தால் வடிகால் வேலை செய்கிறது. கலங்கலாக வந்தால் பின்னாலிருக்கும் மணலும் சேர்ந்து வருகிறது. நடைபாதையில் காரணமில்லாமல் குழி விழுவது பெரும்பாலும் அப்புறம்தான்.

ஆற்று முகத்துவாரங்களில் நடப்பது இன்னும் மறைவானது. ஆறு வண்டலை வேகமாகக் கொட்டும்போது உள்ளே சிக்கிய நீருக்கு வெளியேற வழி கிடைப்பதில்லை. களிமண்ணுக்குக் கீழே மணல் அடுக்கு இருந்தால், மேட்டு நிலத்து மழைநீர் அதன் வழியே கடலடிவரை போய்க் களிமண்ணைக் கீழிருந்து தூக்கும். போதாததற்கு, நன்னீர் உப்பைக் கழுவிவிட்டால் கடல் களிமண் தன் பலத்தையும் இழக்கும். பிரான்ஸின் நீஸ் நகரில், வார் ஆற்றின் வாயில், 1979 அக்டோபர் 16 அன்று விமான நிலையத்தை ஒட்டிய புதிய நிரப்பு நிலம் கடலுக்குள் சரிந்து ஆழிப்பேரலை எழுந்தது, பலர் இறந்தார்கள். நிரப்பிய மண்ணின் பாரம், பலவீனமான களிமண் அடுக்கு, முந்தைய நாள்களின் பலத்த மழை, அடியில் ஓடிய நன்னீர் என்று ஆய்வாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைக் காட்டுகிறார்கள்.

நாமும் கடல் களிமண் மேல்தான் நிலம் மீட்கிறோம். சாங்கியின் கிழக்கே செய்ததுபோல், செங்குத்து வடிகால்களை இறக்கி, மேலே மணல் பாரம் ஏற்றி, களிமண்ணின் நீரைப் பிழிந்தெடுத்த பிறகுதான் கட்டுகிறோம். நல்ல முறை, ஆனால் பொறுமை வேண்டும். அதற்காக நீர்மட்டத்தை எங்கும் இறக்கினால் நல்லது என்றும் இல்லை. களிமண் பகுதியில் ஆழமாகத் தோண்டும்போது நீர்மட்டம் கட்டுப்பாடில்லாமல் இறங்கினால், பக்கத்துக் கட்டடங்கள் அமிழத் தொடங்கும். அதனால்தான் சில தளங்களில் நீரைத் திரும்ப மண்ணுக்குள் செலுத்துகிறார்கள். சுரங்கப் பணிக்காக உங்கள் சாலையில் பதித்திருக்கும் பீசோமீட்டர் (மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் கருவி) மூடிகளைப் பார்த்தால், அவற்றின் மேல் பூந்தொட்டியை வைக்காதீர்கள், தயவுசெய்து.

சரிவின் உச்சியில் அதன் விளிம்பை ஒட்டியே ஓடும் புதிய விரிசல், ஒரே பக்கம் சாயத் தொடங்கும் மரம் அல்லது வேலி, அடிவாரத்தில் இதுவரை இல்லாத ஊற்று: இவற்றில் எதைக் கண்டாலும் ஆட்களை அடிவாரத்திலிருந்து விலக்குங்கள். அடுக்குமாடி வட்டாரம் என்றால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள், தரைவீடு என்றால் தகுதிபெற்ற பொறியாளரைக் கூப்பிடுங்கள். விரிசலைச் சிமெண்ட் போட்டு மூட வேண்டாம், அது எவ்வளவு விரிகிறது என்பதை நாங்கள் அளக்க வேண்டும். எட்ட நின்று பாதுகாப்பாகச் செய்ய முடிந்தால் மட்டும், விரிசலுக்குள் மழை இறங்காதபடி கான்வாஸ் விரித்து, மேலேயிருந்து வரும் நீரை வேறு பக்கம் திருப்பி வையுங்கள்.