புளோபேக்: தமிழில் எதிர்வீச்சு

பன்னாட்டு அரசியல் எழுதுபவர்களின் பேனாவில் ‘புளோபேக்’ (blowback) என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி வந்து நிற்கிறது. தமிழில் அதைப் பின்விளைவு என்கிறார்கள், எதிர்வினை என்கிறார்கள், பதிலடி என்றும் எழுதுகிறார்கள். மூன்றும் நல்ல சொற்கள். ஆனால் மூன்றில் எதை வைத்தாலும் மூலச்சொல்லின் உயிர் போய்விடுகிறது. அந்த உயிர் எது என்று தெரிய, சொல் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

துப்பாக்கித் தொழிலில் இது பழைய சொல். தோட்டா வெடித்ததும் எழும் வாயுவின் அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுகிறது. அதே அழுத்தம் காலி உறையைப் பின்னால் தள்ளுகிறது. அந்தப் பின்தள்ளலைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிகள் உண்டு. அந்த இயக்கமுறைக்குப் பெயரே புளோபேக். முதல் உலகப்போரில் இந்தச் சொல்லுக்குக் கண்ணெதிரே ஒரு விளக்கம் கிடைத்தது. 1915 செப்டம்பர் 25 அன்று பிரான்சின் லூஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷ் படை முதன்முறையாகக் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. சில பகுதிகளில் காற்று ஒத்துழைக்கவில்லை. ஜெர்மானியர்களுக்கென்று திறந்த வாயு, திறந்தவர்களின் பதுங்குகுழிகளுக்கே திரும்பி வந்தது.

உளவுத்துறையின் அகராதிக்குள் இது எப்போது நுழைந்தது என்பதற்கு ஓர் ஆவணம் இருக்கிறது. 1951இல் ஈரான் தன் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியது. முன்னின்று நடத்திய முகம்மது மொசாதெக் அதே ஆண்டு பிரதமரானார். நட்டம் பிரிட்டனுக்கு, அமெரிக்காவுக்கு அன்று ஈரான் எண்ணெயில் பெரிய பங்கு எதுவும் கிடையாது. தனியாகச் சமாளிக்க முடியாத பிரிட்டன், கம்யூனிச அச்சத்தைக் காட்டி நட்பு நாடான அமெரிக்காவை உள்ளே இழுத்தது. 1953 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் சேர்ந்து மொசாதெக்கைக் கவிழ்த்தன. ஈரான் மன்னர் ஷாவின் கை ஓங்கியது. அந்த நடவடிக்கையைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான டொனால்ட் வில்பர், 1954 மார்ச்சில் சி.ஐ.ஏ.வின் உள்பயன்பாட்டுக்காக அதன் வரலாற்றை எழுதினார். இதுபோன்ற வேலைகளில் ஈடுபடும் அதிகாரிகள், அமெரிக்காவின் மீதே அது திரும்பி வீசக்கூடும் என்பதை எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று அதில் குறிப்பிட்டார். புளோபேக் என்ற சொல் அந்த வரியில் இருக்கிறது. இந்த ஆவணம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2000ஆம் ஆண்டில்தான்.

திரும்பி வீசுவதற்கு 26 ஆண்டுகள் ஆயின. 1979இல் ஈரானியப் புரட்சி ஷாவை விரட்டியது. அவரைச் சிகிச்சைக்காக அமெரிக்கா தன் நாட்டுக்குள் அனுமதித்த சில நாட்களில், நவம்பர் 4 அன்று, தெஹ்ரானில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்தார்கள். 52 பேர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். 1953இல் அந்தத் தூதரகத்தை வைத்துத்தான் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது என்பது மாணவர்களுக்கு நினைவிருந்தது. அது மறுபடி நடக்கும் என்று அஞ்சினார்கள். அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த பெரும்பாலோருக்கு 1953 என்ற ஆண்டே ஒரு பொருட்டில்லை. நாம் என்ன செய்தோம், இவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில்தான் இந்தச் சொல்லின் முழுப் பொருளும் இருக்கிறது.

முன்பு சி.ஐ.ஏ.வுக்கு ஆலோசகராக இருந்த அரசியல் அறிஞர் சால்மர்ஸ் ஜான்சன் 2000இல் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அது பரவலாக வாசிக்கப்பட்டது. அவர் சொன்ன வரையறை குறுகலானது: சொந்த மக்களிடம் மறைத்து வெளிநாட்டில் அரசு செய்த காரியங்களின் எதிர்பாராத விளைவு. மறைத்தது என்பதுதான் இதில் அச்சாணி. செய்தவர் ஒருவர், அடிபடுபவர் வேறொருவர். அடிபடுபவருக்கு ஏன் அடி விழுகிறது என்றே தெரியாது.

நூல் பிரபலமானதும் சொல் தளர்ந்துவிட்டது. இன்று வட்டி உயர்வுக்கு வாக்காளர் காட்டும் கோபத்தைக்கூட இப்படி எழுதுகிறார்கள். ஆப்கானிஸ்தான் விஷயத்தில் தளர்ச்சி இன்னும் மோசம். பின் லாடனை வளர்த்ததே சி.ஐ.ஏ.தான் என்று மேடைதோறும் கேட்கிறோம். அவருக்கு அமெரிக்கா நேரடியாகப் பணம் கொடுத்ததற்குச் சான்றில்லை. அமெரிக்கப் பணமும் ஆயுதமும் பாகிஸ்தானின் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ. வழியாக, சோவியத் படைகளோடு போரிட்ட ஆப்கான் தளபதிகளுக்குப் போயின. உண்மையான எடுத்துக்காட்டு அங்கேதான் இருக்கிறது. 1980களில் அந்த உதவியைப் பெற்ற குல்புதீன் ஹெக்மதியாரும் ஜலாலுதீன் ஹக்கானியும் 2001க்குப் பிறகு அமெரிக்கப் படைகளுக்கு எதிராகத் திரும்பினார்கள்.

அணிசேர்வதால் வரும் பகை எல்லாமே புளோபேக் ஆகாது. 1990 ஆகஸ்ட் 7 அன்று, குவைத்தை ஈராக் பிடித்துக்கொண்ட சில நாட்களில், அமெரிக்கப் படைகள் சவுதி மண்ணில் வந்து இறங்கத் தொடங்கின. அழைத்தது சவுதி அரசு. உலகமே பார்க்க நடந்தது. சரியாக எட்டு ஆண்டுகள் கழித்து, 1998 ஆகஸ்ட் 7 அன்று, நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்களுக்கு, அந்தப் படைகள் சவுதி மண்ணில் இருந்ததைத் தன் பகைக்குக் காரணமாகச் சொன்ன பின் லாடனின் அல்-காய்தா குண்டு வைத்தது. இறந்தவர்கள் 224 பேர், அவர்களில் அமெரிக்கர் 12 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் சவுதியோடும் குவைத்தோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாத கென்யர்கள்.

2003 மார்ச்சில் ஸ்பெயின் பிரதமர் அஸ்நார், அமெரிக்க அதிபர் புஷ்ஷோடும் பிரிட்டிஷ் பிரதமர் பிளேரோடும் அசோர்ஸ் தீவில் நின்று ஈராக் போரை ஆதரித்தார். பிறகு சுமார் 1,300 வீரர்களையும் அனுப்பினார். சொந்த மக்களில் மிகப் பெரும்பான்மையோர் அதை எதிர்த்தார்கள். 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உகாண்டாவின் கதையும் இதே வகை. சோமாலியாவில் ஆப்பிரிக்க ஒன்றியப் படையில் அதன் வீரர்கள் இருந்ததைக் காரணம் காட்டி, 2010 ஜூலை 11 அன்று உலகக்கோப்பை இறுதி ஆட்டம் பார்க்கக் கம்பாலாவில் கூடியிருந்தவர்கள் நடுவே சோமாலியத் தீவிரவாத அமைப்பான அல்-ஷபாப் குண்டு வைத்தது. இவை எதிலும் ரகசியம் இல்லை. ஸ்பானியர்களுக்குத் தங்கள் அரசு செய்தது தெரியும். வேண்டாம் என்று தெருவில் இறங்கிக் கத்தியும் பார்த்தார்கள். இந்த வகைக்கு ‘இரவல் பகை’ என்று பெயர் வைக்கலாம் என்பது என் கருத்து. நண்பனோடு சேர்ந்ததால், நண்பனின் எதிரி நமக்கும் எதிரியாகிறான்.

இரவல் பகை இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்று கணக்குப் போடுபவர்களுக்கு 2019 ஏப்ரல் 21 போதும். ஆப்கானிஸ்தானுக்கும் ஈராக்குக்கும் போரிடப் படை அனுப்பாத நாடு இலங்கை. ஆனாலும் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அணிசேர்தல் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. 2003இல் ஈராக் படையெடுப்புக்கு முன்பே பிரிட்டனின் உளவுக் குழு தன் அரசிடம் அப்படித்தான் சொன்னது. ஆனால் அணிசேராமை கவசம் அல்ல.

நமக்கு மிக அருகில் நடந்தது, சொல்லின் முதற்பொருளுக்கும் அருகில்தான் இருக்கிறது. 1983க்குப் பிறகு இந்திய உளவுத்துறை ஈழப் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி அளித்தது. புலிகளும் அவற்றில் அடக்கம். 1987இல் ஒப்பந்தத்தோடு போன இந்திய அமைதிப்படை, சில மாதங்களில் அதே புலிகளோடு போரிட நேர்ந்து, சுமார் 1,200 வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் திரும்பியது. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் பந்தோபஸ்துக்கு வந்த காவலர்களும் கூட்டம் பார்க்க வந்தவர்களும் உண்டு. ஒரே வேறுபாடு, டில்லியில் ரகசியமாக இருந்த பயிற்சி தமிழ்நாட்டில் ஊரறிந்த ரகசியமாக இருந்தது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பின்விளைவு மிகவும் அகலம்; மருந்துச் சீட்டிலிருந்து பட்ஜெட் வரை எதற்கும் பொருந்தும். எதிர்வினை இன்னொருவருடைய செயல். திரும்பி வருவது நாம் வீசியதே என்ற பொருள் அதில் இல்லை. பதிலடி இன்னும் சிக்கலானது. குண்டு வைத்தவன் தன் கொலைக்குத் தானே சூட்டிக்கொள்ளும் பெயர் அது. செய்தியாளர் அதை எடுத்து எழுதும்போது அவனுடைய நியாயத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார். ‘தன்வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும்’ என்ற பட்டினத்தார் வாக்கை இந்த இடத்தில் எடுத்துவைக்கப் பலருக்கும் ஆசை வரும். அழகான வாக்குதான். ஆனால் அந்தக் கதையில், பட்டினத்தாருக்கு அப்பத்தில் நஞ்சு கலந்து கொடுத்த சகோதரியின் கூரைதான் எரிகிறது. மாட்ரிட் ரயிலில் காலை வேலைக்குப் போனவர் எந்த அப்பமும் சுடவில்லை.

நான் பரிந்துரைப்பது எதிர்வீச்சு. வீசுதல் தமிழில் காற்றுக்கும் உண்டு, குண்டுக்கும் உண்டு. ஆங்கில மூலத்தின் வாயுவும் இதில் தங்கிவிடுகிறது. எதிர் என்ற முன்னொட்டை எதிரொலியில் உள்ளதைப் போல எடுத்துக்கொள்ள வேண்டும். எதிரொலி பிறருடைய குரல் அல்ல, நம் குரலே மலையில் பட்டுத் திரும்புவது. பின்வீச்சு என்று சிலர் சொல்லக்கூடும். ‘பின்’ உடனே காலத்தைக் குறித்துப் பின்விளைவின் பக்கம் இழுத்துவிடுகிறது. இயற்பியல் பாடநூலில் துப்பாக்கிக்குச் சொல்லும் பின்னியக்கமும் உதவாது. அது சுட்டவரின் தோளில் படும் உதை, அவருக்குக் கட்டாயம் தெரியும்.

எதிர்வீச்சில் ஒரு தொல்லை உண்டு: ஓர் எழுத்து தவறினால் கதிர்வீச்சு ஆகிவிடும். தட்டச்சுத் திருத்தும் மென்பொருள்கள் அந்த வேலையைத் தாமாகவே செய்யக்கூடும் என்பதால் மெய்ப்பு பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். புழக்கத்தில் ‘எதிர்வீச்சு அபாயம்’, ‘எதிர்வீச்சுக்கு ஆளானார்கள்’ என்று எழுதலாம். ‘எதிர்வீச்சு வாய்ப்பு’ வேண்டாம். தமிழில் வாய்ப்பு நல்லதற்கு வருவதே பொருத்தம். வெளிப்படையாக அணிசேர்ந்து வந்த பகைக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல், எந்தக் கூட்டணி, எந்தப் போர் என்று பெயர் சொல்லியே எழுதிவிடலாம்.