சாய்சதுரத்துக்கு இரண்டு வாசல்

சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்த்துவர மாமா முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. வாயால் சொன்னால் மறந்துவிடுவார் என்று ஒரு ஃப்ளோசார்ட் போட்டுக் கொடுத்தேன். பள்ளியில் பாய்வுப்படம் என்று படித்தோமே, அதுதான். மேலிருந்து கீழாக 22 செவ்வகங்கள், நடுநடுவே மூன்று சாய்சதுரங்கள், எல்லாவற்றையும் கோக்கும் அம்புகள். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார்.

"இதுல எது நான் செய்யுறது, எது அவங்க செய்யுறது? எங்கெங்க சும்மா உட்கார்ந்திருக்கணும்? காகிதம் எங்கெல்லாம் கேப்பாங்க?"

மூன்றுக்கும் விடை அந்தத் தாளிலேயே இருந்தது, பெட்டிகளுக்குள் எழுத்தாக. தேடி எடுக்க 22 பெட்டிகளையும் ஒன்றுவிடாமல் படிக்க வேண்டும். அப்படிப் படிப்பதென்றால் படம் எதற்கு? ஒரு பக்கம் கடிதமாகவே எழுதிக் கொடுத்திருக்கலாம்.

கண் எழுத்தைப் படிப்பதற்கு முன்பே வடிவத்தைப் பிடித்துவிடுகிறது. ஆன் டிரீஸ்மன், கேரி ஜெலேட் என்ற இரு உளவியலாளர்கள் 1980இல் இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள். நிறம், சாய்வு, வளைவு போன்ற ஒற்றைப் பண்பில் ஒரு பொருள் மற்றவற்றிலிருந்து மாறுபட்டால், சுற்றிலும் பத்து இருந்தாலும் முப்பது இருந்தாலும் அது ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்ணில் பட்டுவிடும். தேட வேண்டியதே இல்லை. இரண்டு பண்புகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றால் கதை வேறு. அப்போது கண் ஒவ்வொன்றாகப் போய்த் தட்டிப் பார்க்கிறது. பொருள்கள் கூடக்கூட நேரமும் கூடுகிறது. செவ்வகக் கூட்டத்தில் செவ்வகத்தைத் தேடச் சொன்ன நான் மாமாவுக்குக் கொடுத்தது இந்த இரண்டாம் வகை வேலையைவிடவும் மோசம். எல்லாப் பெட்டியும் ஒரே அச்சு.

ஜில் லார்கினும் ஹெர்பர்ட் சைமனும் 1987இல் எழுதிய கட்டுரை இதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. படத்திலும் எழுத்திலும் ஒரே தகவல் இருக்கலாம். ஆனாலும் படத்தில் தேடும் உழைப்பு குறைகிறது, சேர்ந்து தேவைப்படும் செய்திகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால். அவர்கள் தலைப்பிலேயே 'சில சமயம்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவைத்தார்கள். எல்லாப் படமும் எழுத்தை வெல்லாது. என் முதல் படம் அதற்குச் சாட்சி.

ஆகவே மறுபடி வரைய உட்கார்ந்தேன். இம்முறை எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பெட்டிக்குள் எழுதியிருக்கும் ஏதாவது ஒரு சொல்லை நீக்க முடிந்தால் மட்டுமே புது வடிவம்.

காகிதத்திலிருந்து தொடங்கினேன். ஆவணத்துக்கென்று ஒரு குறியீடு உண்டு: கீழ்விளிம்பு அலைபோல் வளைந்த செவ்வகம், அச்சு இயந்திரத்திலிருந்து கிழித்தெடுத்த தாளைப் போல. முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, ஆன்லைனில் நேரம் பதிவு செய்த ரசீது எல்லாம் இந்த வடிவத்துக்குள் போயின. 'ஆவணம்' என்று எழுதிய இடத்திலெல்லாம் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அலைகளை மட்டும் எண்ணினால் கோப்பில் என்னென்ன வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது காத்திருப்பு. ஆங்கில எழுத்து டி போல ஒரு பக்கம் வளைந்த வடிவம். இது கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல, தொழிற்சாலைச் சரக்கு. ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் செயல்முறைப் படம் என்ற கருத்தை வைத்தார்கள். அதே சங்கம் 1947இல் ஐந்து குறியீடுகளைத் தரமாக்கியது. வேலை நடந்தால் வட்டம், சோதனை என்றால் சதுரம், பொருள் நகர்ந்தால் அம்பு, தாமதத்துக்கு டி, கிடங்கில் வைத்தால் தலைகீழ் முக்கோணம். இந்த ஐந்தில் பொருளின் மதிப்பைக் கூட்டுவது வட்டம் ஒன்றுதான். மற்ற நான்கும் செலவு. தொழிற்கூடத்தில் ஒரு பொருள் போகும் வழியை இப்படி வரைந்து பார்த்தால், இரண்டு வட்டங்களுக்கு இடையே எத்தனை டி-கள் வரிசையாக நிற்கின்றன என்பதே மேலாளர் முகத்தில் அறையும். எண் தேவையில்லை.

கணினி உலகம் அதே 1947இல் தனியாகத் தொடங்கியது. ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நாய்மனும் மின்னணுக் கணினிக்கான கணக்குகளைத் திட்டமிடுவது பற்றி எழுதிய அறிக்கையில் பாய்வுப்படங்களைப் பயன்படுத்தினார்கள். பிறகு ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய கணினிகள் கோலோச்சிய காலத்தில், துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டைத் தாளில் வைத்துப் பென்சிலால் வடிவங்களை வரைவது நிரலர்களின் அன்றாட வேலையானது. உலகத் தர நிறுவனத்தின் ஐஎஸ்ஓ 5807 என்ற தரம் 1985இல் இவற்றை ஒழுங்குபடுத்தியது. பல குறியீடுகள் தாம் குறித்த பொருள்கள் மறைந்த பின்னும் நின்றுவிட்டன. ஒரு மூலை வெட்டிய செவ்வகம், அந்தக் காலத்தில் கணினிக்குத் தகவல் ஊட்டிய துளை அட்டையைக் குறிக்கும். அட்டைக் கட்டுக்குள் ஓர் அட்டை தலைகீழாகப் போய்விட்டால் பார்த்ததும் தெரியட்டும் என்றுதான் நிஜ அட்டையின் மூலையை வெட்டினார்கள். காந்த உருளைகளிலும் வட்டுகளிலும் தகவல் சேமித்த காலத்தின் உருளை வடிவம் இன்று எந்த டேட்டாபேஸுக்கும் பொது அடையாளம். சேமிப்பது எங்கோ ஒரு சில்லில். வரைவது இன்னும் டிரம்.

பாஸ்போர்ட்டுக்குத் திரும்புவோம். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் டோக்கன் வாங்கியதும் ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர்கள். முதலாவதில் ஆவணத்தை ஸ்கேன் செய்து, போட்டோ எடுத்து, கைரேகை பதிவார்கள். இரண்டாவதில் அதிகாரி அசலைச் சரிபார்ப்பார். மூன்றாவதில் வழங்கலாமா என்ற முடிவு. இவை ஒவ்வொன்றுக்குள்ளும் ஐந்தாறு வேலைகள் உண்டு. அவற்றை முதல் படத்தில் கொட்டியதால்தான் 22 பெட்டிகள் வந்தன. இதற்கென்றே இருக்கிறது இரட்டைப் பக்கக் கோடு போட்ட செவ்வகம்: 'இதன் உள்விவரம் வேறொரு தாளில்' என்று பொருள். ஒரு கவுண்டருக்கு ஒரு பெட்டி. 22 பெட்டிகள் 9 ஆகிவிட்டன.

ஒரு படத்தில் ஏழு பெட்டிகளுக்கு மேல் கூடாது, உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் நிரூபித்துவிட்டார் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். மில்லர் பேசியது, கேட்டதைக் குறுகிய நேரத்துக்கு மனத்தில் பிடித்துவைக்கும் அளவைப் பற்றி. படம் கண்முன்னே விரிந்து கிடக்கிறது, அதை யாரும் மனத்தில் பிடித்துவைக்க வேண்டியதில்லை. பெட்டிகளின் எண்ணிக்கையைவிட, ஒன்றையொன்று வெட்டிப் போகும் கோடுகளின் எண்ணிக்கையே எனக்குப் பயமாக இருக்கிறது. நீண்ட கோடு தாளைக் குறுக்கே கிழிப்பதைவிட, இரு முனையிலும் சிறு வட்டம் போட்டு, உள்ளே ஒரே அடையாளத்தை எழுதிவிடலாம். வாசகர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொள்வார். நான் வட்டத்துக்குள் 'ஏ' என்று எழுதி, மாமா அதை ஏ கவுண்டர் என்று நினைத்துக்கொண்டது தனிக் கதை. எண்ணாக மாற்றினேன்.

இனி இந்த வேலையின் கடினமான இடம்: சாய்சதுரம். அதற்கு நுழைவழி ஒன்று, வெளியேறப் பெரும்பாலும் இரண்டு வாசல், சில சமயம் மூன்று. ஆம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். ஒரு சமயத்தில் ஒரு வாசல்தான் திறக்கும். இதை மறந்துவிட்டுத்தான் பலர், நானும் சேர்த்து, பாதை பிரியும் இடத்திலெல்லாம் சாய்சதுரம் போடுகிறோம்.

காவல்துறைச் சரிபார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் வழங்குவதற்கு முன் நடக்கலாம், வழங்கிய பின் நடக்கலாம், தேவைப்படாமலும் போகலாம். இது உண்மையான தேர்வு. மூன்று வாசல் கொண்ட சாய்சதுரம் போதும். ஆனால் 'பின்' என்ற வாசல் வழியே போனால், ஒரு பக்கம் புத்தகம் அச்சாகி விரைவு அஞ்சலில் கிளம்பும், மறுபக்கம் விண்ணப்பம் காவல் நிலையத்துக்குப் போகும். இரண்டும் நடக்கும். இங்கே சாய்சதுரம் போட்டால் 'இதுவா அதுவா' என்று பொய் சொன்னதாகிவிடும். ஐஎஸ்ஓ தரத்தில் இதற்கு இரண்டு இணைகோடுகள் இருக்கின்றன. மேலே ஒரு பாதை வந்து சேரும், கீழே பல பாதைகள் ஒன்றாகக் கிளம்பும்.

வேறுபாடு மனத்தில் பதிய ஒரு வழி உண்டு. படத்தின் மேல் ஒரு டோக்கன், தாயக்கட்டத்துக் காய் போல, நகர்வதாகக் கற்பனை செய்யுங்கள். சாய்சதுரத்தில் டோக்கன் ஒரு பாதையைத் தேர்ந்து போகும். இணைகோட்டில் டோக்கன் இரண்டாகப் பிரியும். பாதைகள் மறுபடி சேரும் இணைகோட்டில் எல்லா டோக்கனும் வந்து சேரும்வரை அடுத்த வேலை தொடங்காது. கார்ல் ஆடம் பெட்ரி என்ற ஜெர்மானியர் 1962இல் தம் ஆய்வேட்டில் அடித்தளமிட்ட பெட்ரி வலைகள் என்ற வரைபட முறையும் இப்படி டோக்கன் நகர்த்தியே இயங்குகின்றன. நிறுவனங்களின் செயல்முறைகளை வரையும் பிபிஎம்என் என்ற குறிமுறையும் தன் விதிகளை டோக்கன் வைத்தே விளக்குகிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2011இல் வந்து, 2013இல் உலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

பிபிஎம்என் சாய்சதுரத்தை எறியாமல் அதன் வயிற்றில் ஓர் அடையாளம் வைத்தது. பெருக்கல் குறி இருந்தால் ஒரே ஒரு வழி. கூட்டல் குறி இருந்தால் எல்லா வழியும். வட்டம் இருந்தால் பொருந்துகிற வழிகள் எல்லாம், ஒன்றோ பலவோ. மூன்றாவதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன், கூடுதல் ஆவணங்களைப் பற்றி யோசிக்கும்வரை. விண்ணப்பதாரர் சிறுவர் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பழைய பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் போலீஸ் புகார் நகல் வேண்டும். பாஸ்போர்ட்டைத் தொலைத்த சிறுவன் ஒருவன் வந்தால் இரண்டும் வேண்டும். சாதாரண சாய்சதுரங்களால் இதைச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒன்று அடுக்க வேண்டும். வட்டம் போட்ட சாய்சதுரம் ஒன்றிலேயே முடித்துவிடுகிறது.

ஆனாலும் என்னைக் கேட்டால், குழப்பத்தை அதிகம் குறைப்பது எந்தப் பெட்டியின் வடிவமும் அல்ல. தாளை நீச்சல் குளத்தின் தடங்களைப் போல நெடுக்காகப் பிரிப்பதுதான். மாமாவுக்கு ஒரு தடம், சேவா கேந்திராவுக்கு ஒன்று, காவல்துறைக்கு ஒன்று, அஞ்சல்துறைக்கு ஒன்று. பெட்டி எந்தத் தடத்தில் இருக்கிறதோ அவர் வேலை அது. 'விண்ணப்பதாரர்', 'அதிகாரி' என்ற சொற்களை ஒரே வீச்சில் எல்லாப் பெட்டியிலிருந்தும் அழித்துவிடலாம். மாமாவின் முதல் கேள்விக்கு இதுவே பதில். கூடவே கேட்காத ஒன்றும் தெரியவருகிறது: தடத்தைத் தாண்டும் ஒவ்வொரு அம்பும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் இடம். கோப்பு தூங்குவது பெரும்பாலும் அங்கேதான். எந்த அலுவலகத்தின் படத்தையும் கொடுங்கள், பெட்டிகளைப் படிக்காமலே தடம் தாண்டும் அம்புகளில் விரல் வைத்தால் போதும்.

சிறு சிறு வசதிகளும் உண்டு. கையால் செய்யும் வேலைக்கு மேலே அகன்று கீழே குறுகிய சரிவகம், தட்டச்சு செய்து உள்ளிடுவதற்கு மேல்விளிம்பு சாய்ந்த பெட்டி, ஓரத்துக் குறிப்புக்குத் திறந்த அடைப்புக்கோடும் புள்ளிக்கோடும். 'அசலும் நகலும் கொண்டுவரவும்' என்பதைக் குறிப்பில் போட்டேன். சரிவகத்தை விட்டுவிட்டேன். அவசரத்தில் பார்த்தால் அதற்கும் உள்ளீட்டைக் குறிக்கும் இணைகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. டேனியல் மூடி 2009இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று வரைபடக் குறிமுறைகளை இந்த அளவுகோலால்தான் அளக்கிறது: ஒரு பொருளுக்கு ஒரு குறியீடா, இரண்டு குறியீடுகள் கண்ணுக்கு நன்றாக வேறுபடுகின்றனவா என்று.

குறியீடு கூடினால் தெளிவு கூடும் என்று நம்பிக் கெட்டவர்கள் அதிகம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் 120 பிபிஎம்என் படங்களை ஆராய்ந்தார்கள். குறிமுறை ஐம்பதுக்கு மேல் குறியீடுகளை நீட்டிய போதும், ஒரு படத்தில் சராசரியாகப் பயன்பட்டவை 9 தான். மக்கள் தாமே அளவைக் கண்டுகொள்கிறார்கள். நிரல் எழுதுவோருக்கோ பாய்வுப்படமே தேவையா என்ற சந்தேகம் பழையது. மென்பொருள் வல்லுநர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் அது மிகையாகப் புகழப்பட்ட ஆவணம் என்று எழுதினார். 1977இல் பென் ஷ்னைடர்மன் குழுவினர் நடத்திய சோதனைகளில், விரிவான பாய்வுப்படம் கூட இருந்தவர்கள் இல்லாதவர்களைவிடக் குறிப்பிடும்படி எதுவும் சாதிக்கவில்லை. நிரலின் ஒவ்வொரு வரியையும் ஒரு பெட்டியாக மாற்றினால் வேறென்ன ஆகும்? படம் நிரலையே இன்னொரு முறை, இடத்தை அடைத்துக்கொண்டு சொல்கிறது. என் 22 செவ்வகங்களும் அந்த ரகம்தான்.

இரண்டாவது படத்தை மாமாவிடம் கொடுத்தேன். நான்கு தடம், 9 பெட்டி, சில அலைத் தாள்கள், இரண்டு டி, ஒரு ஜோடி இணைகோடு. அவர் தன் தடத்தை மட்டும் விரலால் மேலிருந்து கீழே ஓட்டினார். காவல்துறைத் தடத்திலிருந்து ஓர் அம்பு அவர் தடத்துக்குள் நுழையும் இடத்தில் விரல் நின்றது.

"இது ஏன்டா என் பக்கம் வருது?"

"போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து பார்ப்பார் மாமா, இல்லைன்னா ஸ்டேஷனுக்கு வரச் சொல்வாங்க."

"அப்ப நான் ஊர்ல இல்லைன்னா?"

நான் அங்கே செவ்வகம்தான் போட்டிருந்தேன். ஒரே வாசல். அடித்துவிட்டுச் சாய்சதுரம் வரைந்து, 'வீட்டில் இருக்கிறாரா?' என்று எழுதி, 'ஆம்' என்ற கோட்டை இழுத்தேன். 'இல்லை' கோட்டை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பேனாவோடு யோசித்துக்கொண்டிருந்தபோது மாமா எழுந்துபோய் அத்தையிடம் காசிப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.