செல்: கார்ட்டூன்காரர்களின் கண்ணாடித்தாள்

தெளிவான பிளாஸ்டிக் தாளில் வரைந்து கார்ட்டூன் எடுக்கும் முறைக்கு 'செல் அனிமேஷன்' என்று பெயர். அதை அவசரமாகத் தமிழாக்கினால் 'உயிரணு அசைவூட்டம்' என்று வந்து நிற்கும். இந்தச் செல் உடம்பில் இருப்பதும் இல்லை, சட்டைப்பையில் இருப்பதும் இல்லை. செல்லுலாய்டு என்ற பெயரை அமெரிக்கக் கார்ட்டூன் கூடங்களில் சுருக்கிக் கூப்பிட்டது.

வேடிக்கை என்னவென்றால், வேர் ஒன்றுதான். லத்தீனில் 'செல்லா' என்றால் சிற்றறை. உயிரணுவுக்கும் சிறையறைக்கும் ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்தது. தாவர உயிரணுவின் சுவரில் இருப்பது செல்லுலோஸ். அதிலிருந்து செய்த பிளாஸ்டிக் செல்லுலாய்டு. அதன் மெல்லிய தாள்தான் செல்.

1914இல் அமெரிக்கக் கார்ட்டூன்காரர் வின்சர் மெக்கே, கெர்ட்டி என்ற டைனோசரை ஆட வைத்தார். பின்னணியில் இருந்த பாறைகள் அசையவே இல்லை. ஆனாலும் டைனோசரோடு சேர்த்து அவற்றையும் ஒவ்வொரு தாளிலும் மறுபடி வரைய வேண்டியிருந்தது. அந்த வேலைக்கென்றே ஓர் உதவியாளர். இந்தப் பாட்டைத் தீர்த்தது இன்னொரு கார்ட்டூன்காரரான ஏர்ல் ஹர்ட் 1915இல் காப்புரிமை பெற்ற முறை: அசைவதை மட்டும் தெளிவான தாளில் வரை, பின்னணியை ஒரே தடவை வரைந்து அடியில் வை.

1928இல் மிக்கி மவுஸ் ஒலியோடு திரைக்கு வந்ததிலிருந்து அறுபதுகள் வரை நீண்ட கார்ட்டூன் பொற்காலம் இந்தத் தாளின் மேல்தான் நடந்தது. நொடிக்கு 24 சட்டகம் என்றால், 7 நிமிடப் படத்துக்கு 10,080. ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும் ஐயாயிரம் தேறும். பென்சில் கோட்டைத் தாளின் முன்பக்கம் மையில் படியெடுப்பார்கள். அப்புறம் திருப்பிப் போட்டு, பின்பக்கம் வண்ணம் தீட்டுவார்கள். அப்போதுதான் கோடு வண்ணத்தில் முழுகாது. டிஸ்னியில் இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். விரல்ரேகை படாமலிருக்க வெள்ளைப் பருத்திக் கையுறை வேறு. தாள் முழுத் தெளிவாக இருக்காது என்பதால், மூன்று நான்கை அடுக்கினால் அடியிலுள்ள வண்ணம் மங்கும். அதற்கு ஈடாக ஒரே சிவப்பை அடுக்குக்கு அடுக்கு வேறு மாதிரிக் கலந்தார்கள். இவ்வளவு பாடுபட்டு வரைந்த தாள்களில் பலவற்றைப் படம் முடிந்ததும் கழுவி, அடுத்த படத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்! தப்பிய தாள்களுக்கு இன்று ஏலத்தில் நல்ல விலை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'செல்லுலாய்டு' என்றால் நம் காதுக்கு மொத்த சினிமாவும் கேட்கும். 'ஒளிபுகு தாள்' என்பதில் பாடப்புத்தக வாடை. பரிசுப் பொட்டலத்தில் சுற்றும் சரசரத் தாளை எல்லோரும் 'கண்ணாடித்தாள்' என்கிறோமே, அதுவே எனக்குப் போதும். முறையைச் சொல்ல 'கண்ணாடித்தாள் அசைவூட்டம்'. அதில் கண்ணாடியே இல்லையே என்று யாராவது கேட்கலாம். செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பின்னாளில் கூடங்கள் அசிட்டேட் தாளுக்கு மாறின. அதற்குப் பிறகும் அவர்கள் அதைச் 'செல்' என்றுதான் அழைத்தார்கள்.