ஃபோம் விமானத்தில் அந்த ஆறாவது சென்டிமீட்டர்

ஃபோம் ஷீட்டில் ரிமோட் விமானம் கட்டும் கல்லூரி மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "கையால் எறிந்ததும் மூக்கைத் தூக்குகிறது, ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது, பிறகு ஒரு பக்கம் சாய்ந்து தரையில் குத்துகிறது. இன்னும் பெரிய மோட்டார் போடலாமா?"

வேண்டாம். பெரிய மோட்டார் போட்டால் அதே விபத்து இன்னும் வேகமாக நடக்கும். கோளாறு எடை மையத்தில், அதாவது விரலில் தாங்கினால் விமானம் சமமாக நிற்கும் இடத்தில், இருக்கிறது. ஏன் என்று விளக்க, அளவுகளோடு ஒரு விமானம் கண்முன் இருப்பது நல்லது. அதனால் முதலில் ஒன்றைக் கட்டிவிடுவோம்.

இறக்கையின் நீளம் 100 செ.மீ., அகலம் 20 செ.மீ. கிடைவால் 40 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். உடல் மூக்கிலிருந்து வால் வரை 80 செ.மீ. இறக்கையின் முன்விளிம்பு மூக்கிலிருந்து 18 செ.மீ. தள்ளி, உடலின் மேல்பக்கத்தில் உட்காரும். புதிதாகப் பழகுபவருக்கு எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தட்டுகள்) தேவையில்லை. எலிவேட்டர் (கிடைவாலின் பின்னால் மேலும் கீழும் அசையும் தட்டு), ரடர் (நிமிர்ந்த வாலின் பின்னால் பக்கவாட்டில் அசையும் தட்டு), மோட்டார் வேகம் என மூன்று சேனல் போதும். ஆனால் ரடரால் மட்டும் திருப்ப வேண்டுமென்றால் இறக்கை நடுவில் மடங்கி 'வி' வடிவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நுனியும் நடுவைவிட 5 செ.மீ. உயரமாக இருந்தால் சரி. தட்டையான இறக்கையோடு ரடரைத் திருப்பினால் விமானம் மூக்கை மட்டும் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கிப் போகும்.

ஷீட் வாங்குவதில்தான் முதல் தவறு நடக்கிறது. விளம்பரப் பலகை செய்யும் சன்போர்டும் பார்வைக்கு ஃபோம்தான், ஆனால் அது பி.வி.சி.; ஒரு கன மீட்டர் 500 கிலோ அளவுக்கு எடை இருக்கும். நமக்கு வேண்டியது டெப்ரான் போன்ற அழுத்திய பாலிஸ்டைரீன் ஷீட். அதன் எடை கன மீட்டருக்கு 35 கிலோவை ஒட்டி இருக்கும். 6 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 210 கிராம். சாதாரணத் தெர்மாகோலும் லேசுதான், ஆனால் மணிமணியாக உதிரும், கட்டரால் சுத்தமாக வெட்ட வராது.

எடைக்கு ஏன் இவ்வளவு கவலை? நம் விமானம் 500 கிராமில் முடிந்தால், வேகம் மணிக்கு சுமார் 25 கி.மீ. வரை குறைந்தாலும் அதனால் காற்றில் தாங்கி நிற்க முடியும். 750 கிராமானால் அந்த எல்லை 30 கி.மீ.க்கு ஏறிவிடும். ஐந்து கி.மீ.தானே என்று தோன்றும். மிகக் குறைந்த பறக்கும் வேகத்தின் இருமடி எடைக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. இயக்க ஆற்றலோ எடையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கி வருவது. ஆக, தரையில் மோதும் ஆற்றல் எடையின் இருமடியாக ஏறுகிறது. ஒன்றரை மடங்கு எடை என்றால் இரண்டேகால் மடங்கு அடி. லேசான விமானம் விழுந்தும் பிழைத்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

இறக்கைக்கு 20 செ.மீ. அகல ஷீட்டின் மேல், முன்விளிம்பிலிருந்து 10 செ.மீ. வரை இன்னொரு ஷீட்டை ஒட்டுங்கள். மேல்பரப்பில் நடுவே ஒரு படி தெரியும். 1970களில் காகித விமானத்துக்காக ரிச்சர்ட் கிளைன், ஃபிளாய்ட் ஃபோகிள்மன் இருவரும் காப்புரிமை பெற்ற படி இறக்கையின் வழிவந்த வடிவம் இது. பெரிய விமானத்துக்கு இதனால் லாபமில்லை, இழுவை கூடிவிடும். மெதுவாகப் பறக்கும் சின்ன விமானத்தில் போதுமான அளவு வேலை செய்கிறது, வளைத்து ஒட்டும் சிரமமும் இல்லை. இரண்டு ஷீட்டுக்கும் நடுவே 4 மி.மீ. கார்பன் கம்பியையோ நன்றாகக் காய்ந்த மூங்கில் பிளாச்சையோ வைத்து ஒட்டாவிட்டால், முதல் வேகமான திருப்பத்திலேயே இறக்கை நடுவில் மடங்கும்.

பசையில் கவனம் தேவை. சாதாரண உடனடிப் பசையும் ரப்பர் பசையும் பாலிஸ்டைரீனைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படியே. ஹாட் குளூவைக் குறைந்த சூட்டில் மெல்லிய கோடாக இழுங்கள். அகலமான ஒட்டல்களுக்கு ஃபெவிகால் தடவி ஓரிரவு எடை வைத்து விடலாம். மோட்டார் பிடிக்கும் 3 மி.மீ. ப்ளைவுட் தகட்டுக்கு மட்டும் அரால்டைட். தகட்டை ஒட்டும்போது மோட்டார் இரண்டு மூன்று டிகிரி கீழேயும் இரண்டு டிகிரி வலப்பக்கமும் பார்க்கட்டும். வேகம் கூடும்போது மூக்கு தூக்குவதையும், ப்ராப்பின் (முன்னால் சுழலும் விசிறி) சுழற்சி விமானத்தை இடப்பக்கம் இழுப்பதையும் இந்தச் சிறு சாய்வு சமன் செய்யும்.

மின்பாகங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 2212 அளவு, 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 9×4.7 அங்குல ப்ராப், 30 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை); மூன்று செல், 1500 மில்லி ஆம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி; ரடரையும் எலிவேட்டரையும் அசைக்க 9 கிராம் சர்வோ இரண்டு; 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டும் ரிசீவரும். மோட்டார் எதிர்த் திசையில் சுற்றினால் மூன்று ஒயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றிப் போட்டால் போதும். ப்ராப்பில் எழுத்துள்ள பக்கம் முன்னால் பார்க்க வேண்டும். சோதனை முழுவதையும் ப்ராப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். இந்த அளவு ப்ராப் விரலை எலும்புவரை வெட்டும். பேட்டரியை பேலன்ஸ் சார்ஜரில் 1.5 ஆம்பியருக்கு மேல் போகாமல் ஏற்றுங்கள், செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்கு வந்ததும் இறக்கிவிடுங்கள், உப்பியதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

இனி அந்த மூக்குத் தூக்கல்.

நேராகப் பறக்கும் விமானத்தை ஒரு காற்று வீச்சு லேசாக மூக்குத் தூக்கச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றை எதிர்கொள்ளும் கோணம் கூடியதால் இறக்கையின் தூக்குவிசை கூடும். வாலின் தூக்குவிசையும் கூடும். ஏற்கெனவே இருந்த விசைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டுதான் இருந்தன. ஆகவே நாம் கேட்க வேண்டியது ஒன்றே: புதிதாக வந்த இந்தக் கூடுதல் விசை எந்த இடத்தில் செயல்படுகிறது?

இறக்கையில் கூடும் விசை, முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால்பங்கில் செயல்படும். நம் விமானத்தில் அது 5 செ.மீ. வாலில் கூடுவது வாலின் கால்பங்கில். நம் அளவுப்படி அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 55 செ.மீ. பின்னால். வாலின் பரப்பு இறக்கையில் ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் இறக்கையில் 100 கிராம் கூடும்போது வாலில் 20 கிராம் கூட வேண்டும் அல்லவா? கூடாது. அங்கேதான் இந்தக் கணக்கின் அழகான திருப்பம் இருக்கிறது.

இறக்கை மேலே தூக்கப்படுவது, காற்றைக் கீழே தள்ளுவதால். வால் இருப்பது அந்தத் தள்ளப்பட்ட காற்றுக்குள். இறக்கையின் கோணம் ஒரு டிகிரி கூடினால், இறக்கை காற்றைத் தள்ளும் கோணமும் கூடுகிறது. நம் இறக்கையின் நீள அகல விகிதத்துக்கு, அரை டிகிரிக்குச் சற்று அதிகமாக. எனவே விமானம் முழுவதும் ஒரு டிகிரி மூக்குத் தூக்கினாலும், வால் உணர்வது அரை டிகிரிக்கும் குறைவு. இறக்கை தன் நிழலில் வாலை வைத்திருக்கிறது. உடலை ஒட்டி மெதுவாகிப்போன காற்றின் இழப்பையும் சேர்த்தால், 20 கிராம் எதிர்பார்த்த இடத்தில் கிடைப்பது 7 கிராம்.

இப்போது பள்ளிக் கணக்கு. 5 செ.மீ.இல் 100 கிராம், 55 செ.மீ.இல் 7 கிராம். இரண்டும் சேர்ந்து செயல்படும் இடம்: 500-ஐயும் 385-ஐயும் கூட்டி 107ஆல் வகுத்தால், 8.3 செ.மீ. விமானத்தின் உடலும் முன்னால் சுழலும் ப்ராப்பும் இதைச் சற்று முன்னே இழுக்கும், ஆகவே 8 என்று வைத்துக்கொள்வோம். இதற்கு நடுநிலைப் புள்ளி என்று பெயர். காற்று எப்படித் தட்டினாலும் கூடுதல் விசை வந்து சேரும் இடம் இது.

விமானம் காற்றில் சுழல்வது தன் எடை மையத்தைச் சுற்றி. எடை மையம் 6 செ.மீ.இல் இருந்தால், மூக்குத் தூக்கியதால் வந்த கூடுதல் விசை அதற்கு 2 செ.மீ. பின்னால் தள்ளுகிறது. பின்பாகம் உயர்கிறது, மூக்கு தானே இறங்குகிறது. யாரும் ரிமோட்டைத் தொடவில்லை, கணினி எதுவும் இல்லை. ஷீட்டின் வடிவமும் பேட்டரி ஒட்டிய இடமும் சேர்ந்து திருத்திவிட்டன. எடை மையம் 9 செ.மீ.இல் இருந்தாலோ அதே கூடுதல் விசை முன்னால் தள்ளும். மூக்கு இன்னும் தூக்கும், விசை இன்னும் கூடும், மறுபடி தூக்கும். ஓரிரு நொடியில் இறக்கை தாங்காத கோணம் வந்துவிடும். மாணவர்கள் பார்த்தது இதைத்தான். மூன்று சென்டிமீட்டரில் இரு வேறு விமானங்கள்.

இதை முதலில் கையாண்டவர்கள் மாதிரி விமானம் கட்டியவர்களே. ஜார்ஜ் கேலி 1804இல் செய்த கிளைடரில் வாலைச் சரிசெய்யலாம், எடையையும் நகர்த்தலாம். அல்ஃபோன்ஸ் பெனோ 1871இல் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் ரப்பர் சுருளில் ஓடும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். 11 நொடி, ஏறத்தாழ 40 மீட்டர். வாலை இறக்கையைவிடக் குறைந்த கோணத்தில் வைத்ததுதான் அவருடைய நுட்பம். 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்துக்கு இந்தத் தானே திருந்தும் குணம் கிடையாது. விடாமல் கையால் திருத்திக்கொண்டேதான் பறந்தார்கள்.

பெனோவின் கோணத்தை நாமும் வைக்க வேண்டும். கிடைவால் உடலுக்கு நேராக 0 டிகிரி, இறக்கை 2 டிகிரி மூக்குத் தூக்கலாக. வேகம் குறைந்தால் மூக்கு தாழ்ந்து வேகத்தைத் திரும்பப் பெறும், கூடினால் தூக்கிக் குறைத்துக்கொள்ளும். விமானம் தனக்கென ஒரு வேகத்தைத் தேடிப் பிடிக்கும்.

சரி, எடை மையம் பின்னால் போவது ஏன்? வாலின் நீளத்தால். வால் எடை மையத்திலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, பேட்டரியோ 15 செ.மீ. முன்னால்தான். பழைய துலாக்கோலில் நீளக் கையின் முனையில் தொங்கும் சிறு கல் மறுபக்கத்துப் பெரிய சுமையைத் தூக்குவதுபோல, வாலில் ஒட்டிய 10 கிராம் பசை மூக்கில் 33 கிராம் கேட்கும். ஆகவே வாலுக்கு ஒற்றை ஷீட், கீலுக்கு 45 டிகிரியில் சாய்த்து வெட்டிய விளிம்பின்மேல் செல்லோடேப், பெயின்ட் வேண்டாம். சர்வோக்களை இறக்கைக்கு அடியிலேயே வைத்து, 1.5 மி.மீ. கம்பியால் வால்வரை இழுங்கள்.

எல்லாம் மாட்டி, பேட்டரியும் வைத்தபின், இறக்கையின் அடியில் முன்விளிம்பிலிருந்து 6 செ.மீ.இல் இருபுறமும் கோடு போட்டு, விரல் நுனியில் தூக்குங்கள். மூக்கு மட்டமாகவோ மிக லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். ஈயத்தை ஒட்டுவது கடைசி வழி. அதற்காக 3 செ.மீ.க்குக் கொண்டுபோகவும் வேண்டாம். அங்கே விமானம் பிடிவாதமாக நேரே போகும், இறங்கும்போது எலிவேட்டரை முழுக்க இழுத்தாலும் மூக்கு எழாது.

முதல் பறப்பில் விழுந்தால் நேரம் சரியில்லை, கண்பட்டுவிட்டது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலுமிச்சை வாங்கும் முன் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள் என்பதே என் பதில். பள்ளிகளில் அடல் ஆய்வகம் அமைக்க மத்திய அரசு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நல்ல திட்டம். அதில் முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு பங்காவது கட்டருக்கும் ஃபோமுக்கும் கிடைக்க வேண்டும். மேலே சொன்ன விமானம் ரிமோட்டோடு சேர்த்து பத்தாயிரம் ரூபாயை ஒட்டி முடியும், திருப்புத்திறனை அதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகையும் காட்டாது.

பறக்கவிட அதிகாலையே நல்ல நேரம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும், 25 கி.மீ. வேகத்தில் தாங்கி நிற்கும் ஃபோம் விமானம் தென்காசிப் பக்கத்து ஆடிக்காற்றில் முன்னே நகரத் திணறும். இடம் பசுமை மண்டலம்தானா (முன்அனுமதி தேவைப்படாத பகுதிதானா) என்று அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் பாருங்கள், அங்கும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் ரடரின் பின்விளிம்பு வலப்பக்கம் போகிறதா, எலிவேட்டரைப் பின்னால் இழுத்தால் மேலே மடங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். எலிவேட்டருக்கு மேலும் கீழும் 12 மி.மீ. அசைவு போதும். மோட்டாரை முக்கால் வேகத்தில் வைத்து, காற்றை எதிர்த்து, மட்டமாக எறியுங்கள். மேல்நோக்கி எறிய வேண்டாம்.

நல்ல உயரம் வந்ததும் கடைசிச் சோதனை. மோட்டாரை நிறுத்தி, 45 டிகிரி கீழ்நோக்கிச் செலுத்தி, எலிவேட்டரை விட்டுவிடுங்கள். விமானம் மெதுவாகத் தானே மட்டமானால் எடை மையம் சரி. வெடுக்கென்று மேலே திரும்பினால் மூக்குக் கனம். பேட்டரியை அரை செ.மீ. பின்னே தள்ளலாம். இறக்கம் இன்னும் செங்குத்தானால் உடனே இழுத்துத் தரையிறக்கி, பேட்டரியை ஒரு செ.மீ. முன்னே வையுங்கள். சரியான இடம் கிடைத்ததும் பேட்டரியின் முன்விளிம்பை உடலில் பேனாவால் குறித்துவிடுங்கள். வால் உடைந்து ஒட்டிய பிறகு அந்தக் குறியை நம்பாமல், விரல் நுனியில் மறுபடி தூக்கிப் பார்த்துப் புதிதாகக் குறியுங்கள்.