அஸ்டில்பி: தாகம் தாங்காத செடியை எப்போது, எப்படி நடுவது?

பிரிட்டனிலோ கனடாவிலோ அஸ்டில்பி என்ற பல்லாண்டுப் பூச்செடியை வளர்ப்பவர்களிடம் ஆகஸ்ட் மாதம் பேச்சுக் கொடுத்தால், அநேகமாக ஒரே புகார்தான் வரும்: இலை ஓரமெல்லாம் பழுப்பேறி, தொட்டால் நொறுங்குகிறது. நோய் என்று எண்ணி மருந்து அடிப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அது தாகம்தான்.

இதன் காட்டு இனங்கள் இமயமலை, சீனா, ஜப்பான், வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலை ஆகிய இடங்களில் ஈரமான சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் வளர்பவை. ஜப்பானிய இனம் ஆற்றோரப் பாறை இடுக்கிலேயே வேர்பிடித்து நிற்கும். காலடியில் எப்போதும் ஈரம் இருந்தால் ஆழமாக வேர்விட என்ன தேவை? வேர்கள் மேல்மண்ணிலேயே படர்கின்றன. இலைகளோ பெரணிபோலப் பல துண்டுகளாகப் பிரிந்து மெலிதாக இருக்கும். வெயில் ஏற ஏற நீராவிப்போக்கு வேகம் பிடிக்கிறது, மேல்மண் காய்கிறது, வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. தண்ணீர் கடைசியாகப் போய்ச்சேரும் இடம் இலையின் விளிம்பு என்பதால் அதுதான் முதலில் கருகும். கருகிய பகுதி பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பச்சையாகாது.

ஆகவே காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடமே இதற்கு உகந்தது. மண் எப்போதும் ஈரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வெயிலைத் தாங்கும். நிழல் கிடைக்கிறதே என்று மேப்பிள் மரத்தடியில் நடுவது வீண்வேலை. மேலாகப் பரவும் மரவேர்கள் இருக்கிற ஈரத்தையும் குடித்துவிடும்.

நடுவதற்கு இரண்டு பருவங்கள் உண்டு. ஒன்று, உறைபனி அபாயம் நீங்கிய வசந்தம். மற்றொன்று, இலையுதிர்காலத்தின் தொடக்கம். அப்போது காற்று குளிர்ந்திருக்கும், மண்ணில் வெப்பம் மிச்சமிருக்கும். இலைகளின் நீர்ச்செலவு குறைந்து வேர் வளர்ச்சி தொடர்வதால் செடிக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் தரை உறைவதற்குக் குறைந்தது 6 வாரமாவது இருக்க வேண்டும். காரணம் பனிக்கட்டியின் விளையாட்டு: மேல்மண்ணில் உறையும் நீர், கீழேயிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு தகடு தகடாகத் தடித்து, மண்ணோடு சேர்த்துச் செடியையும் மேலே தள்ளும். வேர் ஊன்றாத புதுச்செடி அப்படியே வெளியே வந்து காய்ந்துபோகும். அந்த நேரத்தில் மூடாக்கு, அதாவது மண்மேல் பரப்பும் சருகுப் போர்வை, கைகொடுக்கும்.

கடையில் வாங்கும் கிழங்கில் முளைக்கண்கள் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, அவற்றின் மேல் 2.5 முதல் 5 செ.மீ. மண் மூடினால் போதும். இடைவெளி 30 முதல் 60 செ.மீ., இரகத்தின் உயரத்தைப் பொறுத்தது. குழிமண்ணில் மக்கிய இலை உரத்தைத் தாராளமாகக் கலக்கலாம்; உணவைவிட ஈரத்தைப் பிடித்துவைப்பதுதான் அதன் முக்கிய வேலை. இங்கே ஒரு முரண். கோடையில் ஈரம் கேட்கும் இதே செடி, குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கும் களிமண்ணில் அழுகிவிடும். ஓடைக்கரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், தேங்குவதில்லை அல்லவா!

கிழங்கு ஆண்டுதோறும் மேல்நோக்கியே வளர்வதால், சில ஆண்டுகளில் தலைப்பகுதி மண்ணுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பூவும் குறையும். 3, 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கண்கள் இருக்கும்படி வெட்டி மறுபடி நடுவார்கள். கிழங்கு முற்றினால் மரம்போல இறுகிவிடும், அரிவாள்தான் வேண்டும்.

இன்று தோட்டங்களில் காணும் பல இரகங்கள், ஜெர்மனியின் ரோன்ஸ்டோர்ஃபில் நாற்றங்கால் நடத்திய கியோர்க் ஆரெண்ட்ஸ் (1863–1952) கலப்பு செய்து உருவாக்கியவை. 1933-இல் வந்த ‘ஃபனால்’ அவற்றில் ஒன்று. அதன் கருஞ்சிவப்புக்கு இன்றுவரை மவுசு குறையவில்லை. தண்ணீர் விட நேரமில்லாதவர்கள் அதைவிடச் சீன அஸ்டில்பியைப் பார்ப்பது நல்லது. வறட்சியைச் சற்றே கூடுதலாகத் தாங்கும், தாமதமாகப் பூக்கும்.

எந்த இரகமானாலும் கிழங்குக்கு ஒரு குளிர்கால உறக்கம் வேண்டும். வசந்தத்தில் பக்கத்துச் செடிகளெல்லாம் துளிர்த்த பிறகும் இது சில நேரம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். செத்துவிட்டது என்று தோண்டிப் போடாமலிருக்க, நட்ட இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி வைக்கலாம்.